முதல் நாள் காட்சிக்குப் பெண்கள் ஏன் வரவேண்டும் என்று கேட்ட மேனேஜர்

கேள்வி:

மேடம், எனக்கு 23 வயது. திண்டுக்கல்லில் ஒரு நகைக்கடையில் பில் போடுகிற வேலை. எனக்குப் பிடித்த நடிகரின் படத்துக்கு முதல் நாள் காலை 9 மணிக் காட்சிக்குச் சித்தி மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் ரசிகர் மன்றத்து ஆள் ஒருவர் மூலமாக வந்தது. 150 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 கொடுத்தேன். கேட் திறந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. அந்த நெரிசலில் ஒருவன் என் மேல் கை வைத்தான். தெரியாமல் பட்ட கை இல்லை, எனக்குத் தெரியும். கத்தினேன். டிக்கெட் கிழிப்பவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மேனேஜரிடம் போனால், "முதல் நாள் பொம்பளப் பிள்ளைங்க ஏம்மா வர்றீங்க? அடுத்த வாரம் ஃபேமிலியோட வாங்க, பால்கனியில உட்காரலாம்" என்றார். படத்தை விட மனசில்லாமல் உள்ளே போய்ப் பார்த்தோம், விசிலும் அடித்தோம். வெளியே வந்தபோது ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கை நீட்டினார், பேசினேன். அதற்கு அவர்கள் வைத்த தலைப்பை இங்கே எழுதக் கூசுகிறது. கீழே கமெண்ட் எல்லாம் அசிங்கம். அப்பா என்னோடு பேசுவதில்லை. என் அண்ணனும் அதே மன்றத்தில்தான் இருக்கிறான், கட்அவுட்டில் ஏறிப் பால் ஊற்றுகிறவன். "உன்னால வெளிய தலைகாட்ட முடியல" என்கிறான். பதினொரு நாள் ஆகிறது. நான் செய்தது தப்பா? சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? தியேட்டரில் பெண் விசிலடித்தால் கேஸ் போடலாம் என்று அண்ணன் சொல்வது உண்மையா?

– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

தப்பா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கேமரா. தியேட்டர் வாசலில் இருக்கிற சிசிடிவி பதிவு ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பழையதின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். பல இடங்களில் சில வாரங்கள்கூடத் தாங்காது. உங்களுக்குப் பதினொரு நாள் ஏற்கனவே போய்விட்டது. அதனால் இதைப் படித்த கையோடு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். தேதி, காட்சி நேரம், எந்த கேட், ஏறக்குறைய எத்தனை மணி, இருக்கை எண், நடந்தது என்ன, மேனேஜரிடம் சொன்னது எப்போது, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் எழுதி, "அன்றைய வாசல் கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும், காவல் துறை கேட்கும்போது ஒப்படைக்கவும்" என்று முடித்து, தியேட்டர் நிர்வாகத்துக்கு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கிற தபாலில் அனுப்புங்கள். நகலைப் பத்திரமாக வையுங்கள். "அழிந்துவிட்டது" என்று அவர்கள் நாளைக்குச் சொன்னாலும், கேட்டபிறகுதான் அழிந்தது என்று காட்ட உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.

அடுத்தது காவல் நிலையம். நெரிசலில் நடந்தது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-ஆம் பிரிவில் வருகிற குற்றம். வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனும் தானாகக் கிடைத்துவிடாது. ஆள் யாரென்று தெரியாதே என்று தயங்கவேண்டாம். "அடையாளம் தெரியாத நபர்" மேல் எஃப்.ஐ.ஆர். போடுவது அன்றாடம் நடப்பதுதான். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். "சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வகைப் புகாரை எழுதிக்கொள்பவர் பெண் அதிகாரியாக இருக்கவேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "கூட்டத்துக்குள்ள ஏம்மா போன?" என்ற கேள்வி அங்கேயும் வரும், கேட்பவர் பெண்ணாகவே இருந்தாலும் வரும். சண்டை போடாதீர்கள். "டிக்கெட் வாங்கியிருந்தேன், அதனால் போனேன்" என்று மட்டும் சொல்லுங்கள். புகார் வந்தது என்பதற்கு மட்டும் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு அதே புகாரைத் தபாலில் அனுப்பலாம். புகாரில் நடந்ததை நடந்த அளவுக்கே எழுதுங்கள். கோபத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்து, குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியாலேயே முழு வழக்கும் ஆட்டம் கண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அந்த மேனேஜர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அவருடையதுதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மரியாதையாகச் சொன்னதாகவே நினைத்திருப்பார். நம் ஊரில் பெண் ரசிகைக்குக் கிடைக்கிற மரியாதையே அப்படிப்பட்டதுதான்.

என் அம்மா சிறு வயதில் பார்த்த டூரிங் டாக்கீஸில் மணல் தரையை இரண்டாகப் பிரித்து இடுப்பளவு மண்சுவர் வைத்திருப்பார்களாம். இந்தப் பக்கம் பெண்கள் தரை, அந்தப் பக்கம் ஆண்கள் தரை. டிக்கெட் கொடுக்கிற சந்தும் தனி. அதில் ஒரு நன்மை இருந்தது, அம்மா மறுக்கவில்லை. பக்கத்துத் தெரு அக்காக்களோடு சேர்ந்து, வாய்விட்டு அழுது, வில்லனைத் திட்டிப் படம் பார்க்க அந்தச் சுவர்தான் இடம் கொடுத்தது. சுவர் போய்விட்டது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த எண்ணம் பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து பெண்களுக்குச் சினிமா கொடுத்த பட்டம் "தாய்க்குலம்". "தாய்க்குலத்தின் பேராதரவுடன்" என்று போஸ்டர் ஒட்டினால் படம் ஓடிவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு அதுவே "ஃபேமிலி ஆடியன்ஸ்". வசூலுக்கு நாம் வேண்டும். ஆனால் தாயாக வரவேண்டும், தாரமாக வரவேண்டும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டாவது வாரம் வரவேண்டும். ரசிகை என்ற பேரில் முதல் நாள் வந்தால் "ஏம்மா வர்றீங்க?".

நானும் யோக்கியம் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் என் அக்கா மகள் முதல் நாள் காட்சிக்குப் போகிறேன் என்றபோது, "கூட்டம் குறையட்டும், அப்புறம் போ" என்று சொன்னவள்தான். அவள் திருப்பிக் கேட்டாள்: "சித்தி, கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி யார்கிட்ட சொல்லணும், என்கிட்டயா?" வக்கீலான எனக்குப் பதில் வரவில்லை.

யாரிடம் சொல்லவேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது. பொதுக் கேளிக்கை இடம் என்றால் நம் ஊருக்குச் சினிமா தியேட்டர்தானே. சாசனத்தில் சமத்துவம் பேசுகிற பிரிவுகள் பெரும்பாலும் அரசைக் கட்டுப்படுத்துகிறவை, இந்த உட்பிரிவோ தனியார் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. அடுத்த உட்பிரிவு பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் கொடுக்கிறது. ஆக, தனி வரிசை போடலாம், பெண் காவலரை நிறுத்தலாம், பால்கனியை வேண்டுகிறவர்களுக்கு ஒதுக்கலாம். பெண் என்பதற்காகவே இந்தக் காட்சி வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

"பாதுகாப்புக்காகத்தான் சொன்னோம்" என்பார்கள். அந்தப் பேச்சையும் உச்ச நீதிமன்றம் 2007-இல் கேட்டுவிட்டது. மது பரிமாறுகிற இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற பஞ்சாப் கலால் சட்ட விதியை எதிர்த்து நடந்த அனுஜ் கார்க் வழக்கு. பாதுகாப்பு கொடுக்கவேண்டியது அரசின் வேலை, அதைச் செய்யாமல் பெண்ணின் சுதந்திரத்தைச் சுருக்குவது பாதுகாப்பாகாது என்ற வழியில் போய் அந்த விதி செல்லாது என்பதை நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் மேனேஜர் சொன்னதும் பழைய கலால் விதி பேசியதும் ஒரே வசனம்.

ஃபேமிலியோடு வந்தால் பத்திரம் என்பதாவது உண்மையா? 2024 டிசம்பர் 4 அன்று ஹைதராபாத்தில் ஒரு பெரிய தெலுங்குப் படத்தின் சிறப்புக் காட்சி நெரிசலில் உயிரிழந்த பெண் கணவரோடும் பிள்ளைகளோடும் வந்தவர். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல் எத்தனையோ பேர் திரும்பினார்கள். நெரிசலில் தங்கள் மேல் கை வைத்தார்கள் என்று பெண்கள் எழுதினார்கள். அங்கேயும் குடும்பமாக வந்தவர்கள் இருந்தார்கள். முதல் நாள், இரண்டாவது வாரம், தனியாக, குடும்பமாக என்பதெல்லாம் அந்தக் கைக்கு ஒரு பொருட்டே இல்லை. வாசல் எத்தனை அடி அகலம், உள்ளே எத்தனை பேரை விட்டார்கள், யார் நின்று பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் ஊர் தியேட்டரில் அந்த இரும்புக் கம்பி போட்ட, ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்து இன்னும் இருக்கிறதா? இருந்தும் பூட்டிவிட்டு ஒரே கேட்டைத் திறந்தார்களா? புகாரில் அதை எழுதுங்கள்.

மேனேஜர் உங்கள் புகாரைத் தட்டிக்கழித்ததில் இன்னொரு சிக்கலும் அவருக்கு இருக்கிறது. 1999-இல் தென்காசி பேருந்து நிலையத்தில் கணவரோடு இருந்த ஒரு பெண்ணிடம் காவலர் ஒருவர் தவறாக நடந்துகொண்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 நவம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. சமுத்திரம் வழக்கு என்று நாங்கள் சொல்வோம். நீதிபதிகள் ஒரு காவலரின் பிரச்சினையோடு நிறுத்தவில்லை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், சினிமா தியேட்டர், கடைவளாகம், கடற்கரை ஆகிய இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலர்களை நிறுத்தவும் கேமரா வைக்கவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டார்கள். தியேட்டர் போன்ற இடங்களின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு கடமையை வைத்தார்கள்: தொல்லையைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், புகார் வந்தால் அருகில் உள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1998-இலேயே இதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ் டீசிங்கில் உயிரிழந்தபிறகு கொண்டுவந்த சட்டம். 2025-இல் அதில் தண்டனையைக் கூட்டி, இணையவழித் தொல்லையையும் சேர்த்திருக்கிறார்கள். ஆக, உங்கள் புகார் காதில் விழுந்ததும் மேனேஜர் எடுத்திருக்கவேண்டியது போன். அவர் எடுத்தது உபதேசம். புகாரில் அவர் சொன்ன வாசகத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். "மன்றத்து ஆளிடம் 500 கொடுத்து வாங்கினேனே, கேஸ் நிற்குமா?" என்று தோன்றும். நிற்கும். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், காசு கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். டிக்கெட்டை யார் வாங்கினார் என்பதை வைத்து உங்களை வெளியே தள்ள முடியாது. சித்தி மகளுக்கும் அதே உரிமை உண்டு. 150-க்கு மேல் வாங்கிய 350 தனிக் கதை, அதையும் மறைக்காமல் எழுதுங்கள், பணம் அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருந்தால் சேருங்கள். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டு ஒரு புகார் பதிவு செய்யுங்கள், சில நிறுவனங்கள் அதற்கே இறங்கிவந்துவிடும். பெரிய இழப்பீட்டை எதிர்பார்க்காதீர்கள். இதில் எனக்குப் பிடித்தது வேறு: நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். "பெண்கள் ஏன் வரவேண்டும்" என்பதை லெட்டர்பேடில் யாரும் எழுதமாட்டார்கள்.

யூடியூப் வீடியோ விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. மைக்கில் நீங்களே விரும்பிப் பேசியதால், வீடியோ முழுவதையும் எடுக்கச் சொல்லிப் போராடுவது கொஞ்சம் கஷ்டம். பொது இடத்தில் படம் எடுத்ததே குற்றம் என்று நம் சட்டம் சொல்வதில்லை. ஆனால் படத்தைப் பற்றிப் பேசத்தான் நீங்கள் சம்மதித்தீர்கள். உங்கள் உடம்பைப் பற்றிய தலைப்புக்கும் அந்த முகப்புப் படத்துக்கும் சம்மதிக்கவில்லை. அங்கே பிடிக்கலாம். ஒரு பெண்ணை இழிவுபடுத்துகிற சொல்லும் சைகையும் அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவில் குற்றம். வேண்டாம் என்ற பிறகும் இன்ஸ்டாகிராமில் விடாமல் செய்தி அனுப்புகிறவன் 78-இல் வருவான். வீடியோவின் இணைப்பு, தலைப்பு, மோசமான கமெண்ட்டுகள், அவற்றை எழுதியவர்களின் பக்கங்கள், எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்த போனை மாற்றாதீர்கள். பிறகு சேனல்காரருக்கு ஒரு நோட்டீஸ், யூடியூபின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு புகார், தேசிய சைபர் குற்றத் தளத்தில் ஒரு பதிவு. கமெண்ட்டில் போய் ஒருவருக்கும் பதில் எழுதவேண்டாம். ஒரு பதிலுக்கு நூறு பேர் வருவார்கள், சேனலுக்குப் பார்வை கூடும், அவர்கள் வாழ்வதே அதில்தான்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2019 ஐபிஎல்லில் பெங்களூரு அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்த ஒரு பெண் மேல் கேமரா சில வினாடி நின்றது. மறுநாள் அவரைப் பல லட்சம் பேருக்குத் தெரியும். கூடவே ஆபாசமும் வசையும் வந்து கொட்டின. பிறகு அவரே வெளிப்படையாக அந்த வேதனையை எழுதினார். அவர் கிரிக்கெட் பார்க்க வந்தார், கேமரா அவரைப் பார்க்க வந்தது. தியேட்டர் வாசலில் ஆண் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிச் சுற்றுகிற வீடியோவும் நாள் தவறாமல் வருகிறதே, எந்த அப்பா பேச்சை நிறுத்தினார்?

அண்ணன் விஷயத்துக்கு வந்துவிட்டேன். மன்றத்தில் பெண்களைச் சேர்க்கச் சொல்லிச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கஷ்டம். 2014-இல் சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர், சினிமாவில் பெண்கள் முடி அலங்காரம் மட்டும்தான் செய்யலாம், மேக்கப் ஆண்களுக்கு என்று வைத்திருந்த மும்பைச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றத்தில் உடைத்தார். அது பதிவு செய்த தொழிற்சங்கம், பிழைப்போடு சம்பந்தப்பட்டது, அதனால் முடிந்தது. ரசிகர் மன்றம் நண்பர்கள் சேர்ந்து போடுகிற கூட்டம். மன்றம் என்றைக்காவது கட்சியாக மாறினால் மகளிர் அணி தானாக முளைக்கும், அதுவரை போஸ்டர் ஒட்டுகிறவர்களும் டிக்கெட் பங்கு பிரிக்கிறவர்களும் ஆண்களாகவே இருப்பார்கள். ஆனால் உங்கள் அண்ணனிடம் ஒரு வேலை வாங்கலாம். முதல் நாள் காட்சிக்கு வாசலில் நிற்கிற பையன்களில் பாதிப் பேரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். கூட்டத்தில் அன்றைக்கு உங்கள் பின்னால் நின்றவர்கள் யார் யார் என்று போலீஸைவிட அவரால் சுலபமாக விசாரிக்க முடியும். தலைகாட்ட முடியவில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு, சாட்சி சொல்ல ஒருவரைக் கூட்டிவரட்டும். அவர் மறுத்தால் வற்புறுத்தவேண்டாம். சித்தி மகளின் வாக்குமூலமே உங்களுக்குப் போதுமான தொடக்கம்.

அப்பாவிடம் இப்போதைக்கு வாதாட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் அதை அவர் எதிரில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் இதுவரை பார்த்தது யூடியூப்காரர் எழுதிய கதையை. நீங்கள் எழுதியதையும் ஒரு தடவை படிக்கட்டும். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பெண்கள் உதவி எண்ணான 181-க்குக் கூப்பிடுங்கள், வழி சொல்வார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானக் கணக்கு பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். அந்த டிக்கெட் துண்டு சட்டைப்பையில் இருந்தால், துவைக்கப் போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் செய்தது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். பிடித்த நடிகரின் படத்துக்கு 500 ரூபாய் கொடுத்ததைத் தவிர வேறு தப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

விசில் விஷயம்: தியேட்டரில் ஒரு பெண் விசிலடித்தால் வழக்குப் போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை. முப்பது வருடமாகச் சட்டப் புத்தகம் புரட்டுகிறேன், இல்லை. எனக்கு இரண்டு விரலை வாயில் வைத்தால் காற்றுதான் வருகிறது. அது எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.